பல்தட ஒலிநாடாக்களைக் கணினிக்கு மாற்ற, குறைந்த செலவில் எந்தக் கருவிகளை வாங்கலாம்?

டோங்காட் கஞ்சிரா:

அனைவருக்கும் வணக்கம். 1980களில் இங்கே தென்னாப்பிரிக்காவின் டர்பன் வட்டாரத்துத் திருமணங்களிலும் கோயில் திருவிழாக்களிலும் வாசித்துவந்த இசைக்குழு ஒன்றின் ஒலிநாடாக்கள், அக்குழுவை நடத்திய என் பெரியப்பாவின் வீட்டிலிருந்து இப்போது எங்கள் கைக்கு வந்துள்ளன. அவை இரண்டு வகையாக இருக்கின்றன. முதல் வகை சாதாரணக் கேசட்டுகள். அவற்றின் உறையில் "4 ட்ராக், டிபிஎக்ஸ்" என்று பெரியப்பாவின் கையெழுத்து இருக்கிறது. இரண்டாவது வகை, கால் அங்குல அகல நாடா சுற்றிய 7 அங்குல ரீல்கள். பெட்டியில் ஆம்பெக்ஸ் 456 என்ற அச்சும், பக்கவாட்டில் "8 ட்ராக், 15, டால்பி சி" என்ற குறிப்பும் உள்ளன. பதிவு செய்த கருவிகள் எப்போதோ விற்கப்பட்டுவிட்டன.

குரல், ஆர்மோனியம், தபேலா, கிட்டார் ஆகியவற்றைத் தனித்தனித் தடங்களாகவே கணினிக்குக் கொண்டுவர விரும்புகிறேன். ஒரு நடுத்தர மடிக்கணினியின் விலைக்கு மேல் செலவிட இயலாது. யுஎஸ்பி கேசட் பிளேயர் ஒன்றும், இரண்டு உள்ளீடுகள் கொண்ட ஆடியோ இன்டர்ஃபேஸ் (ஒலியை எண்ணியலாக்கிக் கணினிக்கு அனுப்பும் பெட்டி) ஒன்றும் வாங்கலாம் என்று எண்ணியிருக்கிறேன். இவை போதுமா?

லெனேசியா ஒலிமேசை:

தம்பி, இரண்டையும் வாங்க வேண்டாம். இந்த வேலையில் கணினிப் பக்கத்துக் கருவிகள்தாம் மலிவானவை. பணமும் கவனமும் போக வேண்டியது நாடாவை ஓட்டும் கருவிக்கே. கையில் இருப்பது எந்த வகை நாடா என்பதை உறுதிசெய்யாமல் எதற்கும் பணம் கட்டக் கூடாது.

முதலில் கேசட்டுகளைப் பார்ப்போம். சாதாரண ஸ்டீரியோ கேசட்டில் ஒரு பக்கத்துக்கு இரண்டு தடங்கள் இருக்கும்; நாடாவைத் திருப்பிப் போட்டால் எதிர்த்திசையில் மற்ற இரண்டும் ஒலிக்கும். டாஸ்காம் நிறுவனம் 1979இல் கொண்டுவந்த போர்டாஸ்டூடியோ 144, அதற்குப் பின் வந்த 244 போன்ற நான்கு தடக் கருவிகள் அந்த நான்கையும் ஒரே திசையில், ஒரே நேரத்தில் பதிவுசெய்தன. வேகமும் இரட்டிப்பு: சாதாரணக் கேசட் வினாடிக்கு 4.76 செ.மீ. ஓடும், இவை 9.5 செ.மீ. ஓடும். ஆகவே யுஎஸ்பி பிளேயரில் போட்டால் பாதி வேகத்தில் இரண்டு தடங்கள் மட்டும் கேட்கும். திருப்பிப் போட்டால் மற்ற இரண்டும் பின்னோக்கி ஒலிக்கும்.

144இல் டால்பி பி இரைச்சல் குறைப்பு இருந்தது; 244இல் டிபிஎக்ஸ் என்ற வேறொரு இரைச்சல் குறைப்பு முறை வந்தது. உங்கள் உறையில் டிபிஎக்ஸ் என்று எழுதியிருப்பதால், டிபிஎக்ஸ் உள்ள, 9.5 செ.மீ. வேகத்தில் ஓடும் நான்கு தடப் போர்டாஸ்டூடியோ ஒன்று வேண்டும். அதன் பின்புறத்தில் "டேப் அவுட்" என்று நான்கு தனித்தனி ஆர்சிஏ துளைகள் இருக்கின்றனவா என்று விற்பவரிடம் படம் கேட்டு வாங்கிப் பாருங்கள். கடைசிக் காலத்தில் வந்த சில எளிய மாதிரிகளில் இடம், வலம் என்ற இரண்டு வெளியீடுகள் மட்டுமே இருக்கும்.

இரண்டு உள்ளீடுள்ள இன்டர்ஃபேஸ் ஏன் போதாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். முதல் ஓட்டத்தில் 1, 2 தடங்களையும் அடுத்த ஓட்டத்தில் 3, 4 தடங்களையும் எடுத்துக் கணினியில் சேர்த்துவிடலாம் என்று பலரும் நினைக்கிறார்கள். நாடா ஒவ்வொரு முறையும் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. வெறும் 0.1 விழுக்காடு வேறுபட்டாலும் நான்கு நிமிடப் பாட்டின் முடிவில் கால் வினாடி விலகல் வந்துவிடும். தபேலா ஓரிடத்திலும் குரல் வேறோரிடத்திலும் நிற்கும். எனவே நாடாவில் எத்தனை தடங்களோ அத்தனை உள்ளீடுகள், ஒரே இன்டர்ஃபேசில், ஒரே கடிகாரத்தில் இயங்க வேண்டும். உங்களுக்கு எட்டு வேண்டும்.

ஃபீனிக்ஸ் ஆர்மோனியம்:

ஒலிமேசை அண்ணா சொல்வது சரிதான் என்றாலும், கையில் பணமே இல்லாதவர்களுக்கு ஒரு வழி உண்டு என்பதையும் பதிவுசெய்ய விரும்புகிறேன். நல்ல நிலையில் உள்ள சாதாரணக் கேசட் டெக் இருந்தால், ஒரு பக்கத்தை ஓட்டி இரண்டு தடங்களையும், திருப்பிப் போட்டு மற்ற இரண்டையும் எடுக்கலாம். ரீப்பர் போன்ற ஒலிப்பதிவு மென்பொருளில் பின்னோக்கியுள்ளவற்றைத் திருப்பி, வேகத்தை இரட்டிப்பாக்கி, சிறு சிறு துண்டுகளாக வெட்டி நேர்படுத்தலாம். டிபிஎக்ஸைப் பிரிக்க, யு-ஹே நிறுவனத்தின் சாட்டின் போன்ற செருகுநிரல்கள் இருக்கின்றன. பொறுமைதான் விலை.

லெனேசியா ஒலிமேசை:

முடியும், மறுக்கவில்லை. ஆனால் அவ்வழியில் வருவதைக் கேட்டு எந்தப் பாட்டு எங்கே இருக்கிறது என்று பட்டியல் போடலாமே தவிர, அதை இறுதிப் படியாக வைத்துக்கொள்ளக் கூடாது. அந்த டெக்கின் ஈடுசெய்தல் (நாடாவின் வேகத்துக்கேற்ப அதிர்வெண்களைச் சமன்செய்வது) பாதி வேகத்துக்கானது என்பதால் உயர் அதிர்வெண்கள் தவறாக வரும். அதோடு டிபிஎக்ஸ் என்பது பதியும்போது ஒலியின் ஏற்ற இறக்கத்தை 2:1 என்று அமுக்கி, ஓட்டும்போது அதே அளவுக்கு விரிப்பது. இடையில் அதிர்வெண் சமநிலையில் ஏற்படும் சிறு பிழையும் விரியும்போது இரண்டு மடங்காகும். பிரிக்காமல் கேட்டாலோ, தபேலாவின் ஒவ்வொரு தட்டுக்கும் பின்னே இரைச்சல் மூச்சு வாங்குவதுபோல் எழுந்து அடங்கும். கருவியோடு வந்த டிபிஎக்ஸ் சில்லே அதைச் சரியாகப் பிரிக்கும்.

போர்டாஸ்டூடியோவுக்கு இப்போதும் கிராக்கி இருக்கிறது. நல்ல நிலையில் ஒன்றை வாங்கி, வேலை முடிந்ததும் ஏறக்குறைய அதே விலைக்கு விற்றுவிடலாம். அப்படிப் பார்த்தால் அது செலவே அல்ல.

மெரிபேங்க் வாசகி:

ஆவணக் காப்புப் பணியில் சில காலம் இருந்தவள் என்ற முறையில் ரீல்களைப் பற்றி எழுதுகிறேன். கஞ்சிரா, ஆம்பெக்ஸ் 456 என்று படித்தவுடன் எனக்குக் கவலை வந்தது. தயவுசெய்து அவற்றில் ஒன்றைக்கூட இப்போதைக்கு எந்தக் கருவியிலும் ஓட்ட வேண்டாம்.

அக்காலத்து ஆம்பெக்ஸ் 406, 456, 3எம் 226 போன்ற நாடாக்களில் காந்தத் துகள்களைப் பிடித்துவைக்கும் பாலியூரித்தேன் பசை, காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சி நாளடைவில் சிதைந்துவிடுகிறது. டர்பன் கடற்கரையின் ஈரப்பதத்தில் இத்தனை ஆண்டுகள் இருந்த நாடாக்கள் தப்பியிருக்க வாய்ப்பு குறைவு. அப்படிப்பட்ட நாடாவை ஓட்டினால் அது ஹெட்டில் (நாடாவைப் படிக்கும் காந்த முனையில்) ஒட்டிக்கொண்டு கிறீச்சிடும். சில நிமிடங்களில் வழிகாட்டி உருளைகளில் பழுப்பு நிறப் பிசின் படியும். அந்தப் பிசினில் இருப்பது உங்கள் பெரியப்பாவின் குழு வாசித்த இசைதான்; ஒருமுறை உரிந்தால் திரும்பாது.

இதற்கு வழி இருக்கிறது. ஏறக்குறைய 54 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் பல மணி நேரம் சீராகச் சூடுபடுத்தினால் பசை தற்காலிகமாக இறுகும். அதன்பின் வாரக்கணக்கில் நாடாவைப் பாதுகாப்பாக ஓட்டலாம். ஆம்பெக்ஸ் நிறுவனமே இம்முறைக்குக் காப்புரிமை பெற்றிருக்கிறது. சமையலறை அவனைப் பயன்படுத்தவே கூடாது. அதன் வெப்பம் ஏறி இறங்கும். பழம், காய்கறி உலர்த்தும் மின்பெட்டியை, தட்டுகளை அகற்றிவிட்டு, தனி வெப்பமானி வைத்துச் சரிபார்த்துப் பலர் பயன்படுத்துகிறார்கள். நாடா ஆறிய பின்பே கருவியில் ஏற்ற வேண்டும்.

ஓர் எச்சரிக்கை: எல்லா நாடாவையும் சூடுபடுத்தக் கூடாது. 1960களிலும் அதற்கு முன்னரும் வந்த அசிட்டேட் நாடாக்கள் சூட்டில் கெட்டுவிடும். ரீலை விளக்கொளிக்கு எதிராகப் பக்கவாட்டில் பிடித்துப் பார்த்தால் அசிட்டேட் ஒளியை ஊடுருவ விடும்; பாலியெஸ்டர் விடாது. 456 பாலியெஸ்டர் வகை. உங்கள் கேசட்டுகளுக்கு இந்தச் சூடு தேவையில்லை; அவற்றில் நாடாவை ஹெட்டோடு அழுத்தும் சிறு பஞ்சுத்துண்டு விழுந்திருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். விழுந்திருந்தால் நாடாவைத் திருகாணி உள்ள வேறு கூட்டுக்கு மாற்றிவிடலாம்.

டோங்காட் கஞ்சிரா:

மிக்க நன்றி அக்கா, நன்றி அண்ணா. ரீல்களை உறையிலேயே வைத்துவிட்டேன். விளம்பரம் ஒன்றில் டியாக் ஏ-3340எஸ் ரீல் கருவி விற்பனைக்கு வந்திருக்கிறது. கால் அங்குல நாடா, வினாடிக்கு 15 அங்குல வேகம் என்று போட்டிருக்கிறார்கள். அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்ததாம், மின்மாற்றியும் சேர்த்துத் தருவதாகச் சொல்கிறார்கள். விலை என் கணக்குக்குள் அடங்குகிறது. வாங்கலாமா?

லெனேசியா ஒலிமேசை:

வேண்டாம். நல்ல கருவிதான், ஆனால் உங்கள் நாடாவுக்கு உரியதல்ல. அது கால் அங்குலத்தில் நான்கு தடங்கள். உங்களுடையது அதே கால் அங்குலத்தில் எட்டு. ஒரு தடத்துக்குரிய ஹெட் இடைவெளி, அடுத்தடுத்த இரண்டு தடங்களைச் சேர்த்துப் படித்துக் கலந்துவிடும். அகலமும் வேகமும் பொருந்துவது போதாது. தடங்களின் எண்ணிக்கையும் இரைச்சல் குறைப்பு முறையும் பொருந்த வேண்டும்.

7 அங்குல ரீல், கால் அங்குலம், எட்டுத் தடம், 15 அங்குல வேகம், டால்பி சி என்ற ஐந்தும் சேர்ந்து வந்தால் அது ஃபாஸ்டெக்ஸ் நிறுவனக் கருவியில் பதிந்த நாடா. ஏ-8, ஆர்8 போன்றவை அந்தக் கருவிகள். டாஸ்காம் 388உம் கால் அங்குலத்தில் எட்டுத் தடம்தான். ஆனால் அது 7½ அங்குல வேகத்தில், டிபிஎக்ஸோடு ஓடும். உங்களுக்கு ஆர்8தான் பொருத்தம். எட்டு ஆர்சிஏ வெளியீடுகளும் அதில் உண்டு.

மின்மாற்றி பற்றியும் சொல்ல வேண்டும். அது 230 வோல்ட்டை 110 ஆகக் குறைக்கும், அதிர்வெண்ணை மாற்றாது. மின்வழங்கலின் அதிர்வெண்ணையே பின்பற்றிச் சுழலும் பழைய மோட்டார்கள், அமெரிக்காவின் 60 ஹெர்ட்ஸுக்குச் செய்யப்பட்டவை, நம் நாட்டின் 50 ஹெர்ட்ஸில் ஆறில் ஐந்து பங்கு வேகத்தில்தான் ஓடும். சுருதி மூன்று அரைச்சுரங்களுக்கு மேல் இறங்கிவிடும். விற்பவர்கள் இதை மறைப்பதாகச் சொல்லமாட்டேன், பெரும்பாலானவர்களுக்குத் தெரியாது.

மின்வெட்டு நேரத்தில் இன்வெர்ட்டரில் ஓட்டலாம் என்றும் நினைக்காதீர்கள். மலிவான இன்வெர்ட்டர்கள் தருவது தூய சைன் அலை அல்ல. மோட்டார் உறுமும், அந்த உறுமல் பதிவிலும் ஏறும். நாடா ஓடிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் நின்றால் தளர்ந்த நாடா சுருண்டு மடிவதும் உண்டு. மின்வெட்டு அட்டவணை இருந்தால் அதைப் பார்த்து, மின்சாரம் நிற்காத நேரத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

ரோஸ்ஹில் தவில்:

மொரிஷியஸிலிருந்து எழுதுகிறேன். எங்கள் சங்கத்திடம் இருப்பவை வீடியோ கேசட் போன்ற நாடாக்கள். மேலே அடாட் என்று எழுதியிருக்கிறது. இதற்கும் இதே வழிதானா?

லெனேசியா ஒலிமேசை:

இல்லை ஐயா. அடாட் என்பது 1990களின் தொடக்கத்தில் அலெசிஸ் கொண்டுவந்த எண்ணியல் முறை. எஸ்-விஎச்எஸ் என்ற வீடியோ நாடாவில் எட்டுத் தடங்கள். வீட்டு வீடியோ கருவி அதைப் படிக்காது. ஓடும் நிலையில் உள்ள அடாட் கருவி ஒன்று வேண்டும். அது கிடைத்துவிட்டால் மற்றது எளிது: அதன் ஒளியிழை வெளியீட்டை, அடாட் உள்ளீடுள்ள இன்டர்ஃபேசில் செருகி, இன்டர்ஃபேசின் கடிகாரத்தை அடாட்டைப் பின்பற்றுமாறு அமைத்தால் எட்டுத் தடங்களும் எண்களாகவே வந்து சேரும். ஒலியளவு சரிசெய்யும் வேலையே இல்லை.

ஃபீனிக்ஸ் ஆர்மோனியம்:

இன்டர்ஃபேஸ் பற்றி இன்னும் யாரும் பெயர் சொல்லவில்லை. கேசட்டுகள் மட்டும் என்றால் நான்கு உள்ளீடுள்ள பெஹ்ரிங்கர் யுஎம்சி404எச்டி போதும். ரீல்களும் உண்டு என்பதால், எட்டு உள்ளீடுள்ள அதே நிறுவனத்தின் யுஎம்சி1820 மலிவான தேர்வு. ஃபோகஸ்ரைட் ஸ்கார்லெட் 18ஐ20 அதைவிட விலை கூடியது. வேறு பதிவுகளுக்கும் பயன்படுத்துவீர்கள் என்றால் அதற்குக் கொடுக்கலாம், நாடா மாற்றத்துக்காக மட்டும் தேவையில்லை. இவற்றின் ஒலித்தரத்தில் உள்ள வேறுபாடு, கேசட்டின் சொந்த இரைச்சலுக்கு அடியில் மறைந்துவிடும். பிற்காலத்தில் பதினாறு தட நாடா வந்தால், யுஎம்சி1820இன் ஒளியிழை உள்ளீட்டில் எட்டு உள்ளீடுள்ள ஏடிஏ8200 என்ற கூடுதல் பெட்டியை இணைத்து, 48 கிலோஹெர்ட்ஸ் மாதிரி வீதத்தில் (வினாடிக்கு எத்தனை முறை ஒலியை அளப்பது என்பது) இன்னும் எட்டுத் தடங்களைச் சேர்த்துக்கொள்ளலாம்.

ஃபயர்வயர் என்ற பழைய இணைப்பு முறையில் இயங்கும் இன்டர்ஃபேஸ்கள் பழைய சாமான் விற்பனையில் மிக மலிவாகக் கிடைக்கின்றன. அந்தத் துளை இப்போதைய கணினிகளில் இல்லை, ஓட்டும் மென்பொருளும் புதுப்பிக்கப்படுவதில்லை. அதற்கென்றே பழைய கணினி ஒன்றை வைத்திருப்பவர் மட்டும் வாங்கலாம்.

மென்பொருளுக்கு ரீப்பர். 60 நாள் முழுமையாகச் சோதித்துப் பார்க்கலாம். தனிநபருக்கான உரிமம் 60 டாலர். பதிவை 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட்டில் வைத்தால் போதும் என்பது என் கருத்து. கேசட்டுக்கு அதற்கு மேல் என்ன இருக்கப்போகிறது?

மெரிபேங்க் வாசகி:

கடைசி வாக்கியத்தை மட்டும் ஏற்க இயலவில்லை. பன்னாட்டு ஒலி ஆவணக் காப்பகங்களின் சங்கம் தன் டிசி-04 வழிகாட்டியில் குறைந்தது 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் என்கிறது. காப்பகங்கள் பொதுவாக 96 கிலோஹெர்ட்ஸைக் கடைப்பிடிக்கின்றன. 24 பிட்டின் பயன் கேசட்டில் ஒளிந்திருக்கும் நுண்ணொலி அல்ல. ஒலியளவைத் தாழ்வாக, உச்சம் -12 டெசிபெல் அளவில் வருமாறு வைத்துக்கொண்டு, தபேலாவின் திடீர் அடிக்கு அஞ்சாமல் ஒரே ஓட்டத்தில் பதியலாம் என்பதே பயன். சூடேற்றிய நாடாவை மீண்டும் மீண்டும் ஓட்டுவதைவிட இது மேல்.

வட்டில் இடமும் பெரிதாகத் தேவைப்படாது. 456 நாடா 7 அங்குல ரீலில் 1200 அடி கொள்ளும். 15 அங்குல வேகத்தில் 16 நிமிடம். 96 கிலோஹெர்ட்ஸ், 24 பிட்டில் எட்டுத் தடங்களுக்கும் சேர்த்து ஒரு ரீல் சுமார் 2.2 ஜிகாபைட்தான். நான்கு தடத்தில், இரட்டை வேகத்தில் ஓடும் சி-60 கேசட் 15 நிமிடம். ஒரு ஜிகாபைட்டுக்குச் சற்று மேல்.

ஃபீனிக்ஸ் ஆர்மோனியம்:

அந்தக் கணக்கைப் பார்த்தபின் என் கருத்தைத் திரும்பப் பெறுகிறேன். இடம் ஒரு தடையே இல்லை.

டோங்காட் கஞ்சிரா:

இப்போது என் திட்டம் இது. யுஎம்சி1820 புதிதாக வாங்குகிறேன். பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் ஒருவரிடம் டாஸ்காம் 244 இருக்கிறது. நேரில் சென்று பார்க்கலாம் என்கிறார். ஆர்8 விலை என் எல்லையைத் தாண்டுவதால், அது வைத்திருக்கும் ஒலிக்கூடம் ஒன்றிடம் ஒரு நாளைக்கு என்ன வாடகை என்று கேட்டிருக்கிறேன். 244ஐ நேரில் பார்க்கும்போது எவற்றைச் சோதிக்க வேண்டும்? தவிர, சரியான வேகத்தில்தான் ஓடுகிறது என்று எப்படி அறிவது?

லெனேசியா ஒலிமேசை:

வாடகை யோசனை மிகச் சரி. நாடாக்களைச் சூடுபடுத்தி முடித்து, ஒரே நாளில் எல்லாவற்றையும் ஓட்டிவிடுமாறு ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். ஆர்8இல் டால்பியை இயக்கத்தில் வைத்தே கணினியில் பதியுங்கள்.

244க்குப் போகும்போது உங்கள் கேசட்டைக் கொண்டுபோகாதீர்கள். அழிந்தாலும் கவலையில்லாத கேசட்டைக் கொண்டுபோங்கள். நான்கு தடங்களிலும் ஒவ்வொன்றாகப் பதிந்து, ஒவ்வொன்றாகக் கேளுங்கள். ஹெட்டின் முகத்தை விளக்கடித்துப் பாருங்கள்: நாடா ஓடும் இடத்தில் நகம் தடுக்கும் அளவுக்குப் பள்ளம் இருந்தால் விட்டுவிடுங்கள். பிஞ்ச் ரோலரின் (நாடாவை அழுத்திப் பிடிக்கும் உருளையின்) ரப்பர் பளபளத்தோ பிசுபிசுத்தோ இருந்தால் மாற்ற வேண்டும். நீண்ட ஒற்றைச் சுரம் நடுங்கினால் பெல்ட் தளர்ந்திருக்கிறது. பெல்ட் மலிவு, அதை வைத்து விலையைக் குறைக்கலாம். வீட்டுக்கு வந்ததும் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலால் ஹெட்டையும், நாடாவை இழுக்கும் தண்டான கேப்ஸ்டனையும் துடைத்துவிட்டு, காந்தநீக்கியும் காட்டிவிட்டுப் பிறகு பெரியப்பாவின் கேசட்டைப் போடுங்கள். அதன் உயர் அதிர்வெண்கள் மங்கலாகக் கேட்டால், ஹெட்டின் சாய்வை மாற்றும் சிறு திருகாணியை மிக மெதுவாகத் திருப்பி, தாளச்சத்தம் அதிகத் துலக்கமாக வரும் இடத்தில் நிறுத்துங்கள். டிபிஎக்ஸை அணைக்க முடிந்தால் அணைத்துவிட்டு இதைச் செய்யுங்கள். இல்லாவிட்டால் காது ஏமாறும்.

244இலிருந்து யுஎம்சி1820க்கு, ஒரு முனையில் ஆர்சிஏவும் மறுமுனையில் கால் அங்குல மோனோ ஜாக்கும் உள்ள கம்பிகள் போதும். இக்கருவிகளின் வெளியீடு -10 டிபிவி. ஒலிக்கூடத் தரமான +4 டிபியுவைவிட ஏறக்குறைய 12 டெசிபெல் தாழ்வு. மீட்டர் குறைவாகக் காட்டினால் கருவியில் கோளாறு என்று எண்ண வேண்டாம். இன்டர்ஃபேசின் கெயினை (உள்ளீட்டு ஒலிப் பெருக்கத்தை) சற்று உயர்த்தினால் சரியாகும். 50 ஹெர்ட்ஸ் உறுமல் கேட்டால் எல்லாக் கருவிகளையும் ஒரே சுவர்த் துளையிலிருந்து இணையுங்கள். பிளக்கின் எர்த் கம்பியை வெட்டும் பழக்கம் நம்மிடையே உண்டு. அதைச் செய்யவே கூடாது.

ஃபீனிக்ஸ் ஆர்மோனியம்:

வேகத்துக்கு நான் பதில் சொல்கிறேன். 244இல் நாடாவின் வேகத்தை மாற்றும் சுருதிக் குமிழ் உண்டு. பாடகருக்கு எட்டவில்லை என்றால் அதைத் திருப்பிவைத்துப் பதிவதும் அக்காலத்தில் வழக்கம். ஆகவே குமிழ் நடுவில் இருப்பதே சரியான வேகம் என்று கொள்ள முடியாது. பெரியப்பாவின் ஆர்மோனியம் வீட்டில் இருக்கிறதா? ரீட்கள் பிற்பாடு மாற்றப்படவில்லை என்றால் அதுவே சிறந்த அளவுகோல். கம்பி வாத்தியங்களைப்போல் அதை ஒவ்வொரு கச்சேரிக்கும் சுருதி சேர்ப்பதில்லை. ஒரு கட்டையை அழுத்திப் பிடித்து, பதிவில் உள்ள அதே சுரத்தோடு ஒத்துப்பாருங்கள். ஆர்மோனியம் இல்லாவிட்டால், பாட்டு தொடங்குமுன் உள்ள அமைதியில் ஆம்ப்ளிஃபையர் உறுமல் பதிந்திருக்கிறதா என்று ரீப்பரின் அதிர்வெண் படத்தில் தேடுங்கள். அது 50 ஹெர்ட்ஸுக்கு அருகில் நின்றால் வேகம் ஏறக்குறைய சரி. 53இல் நின்றால் நாடா வேகமாக ஓடுகிறது. கணினியில் பதியும்போது குமிழை நடுவில் வைத்துப் பதிந்துவிட்டு, திருத்தத்தைப் பிறகு கணினியில் ஒரு படியில் மட்டும் செய்யுங்கள்.

டோங்காட் கஞ்சிரா:

ஆர்மோனியம் சித்தப்பா வீட்டில் இருக்கிறது. துருத்தியில் ஓட்டை விழுந்திருந்தாலும் ரீட்கள் பழையவையே என்கிறார். சனிக்கிழமை 244ஐப் பார்க்கச் செல்கிறேன். கோப்புகளுக்கு எப்படிப் பெயரிடுவது, எங்கே ஒரு படி கொடுத்துவைப்பது என்பதை மட்டும் யாராவது சொன்னால் நன்று.

மெரிபேங்க் வாசகி:

ரீலின் எண், தடத்தின் எண், பதிந்த தேதி ஆகியவை கோப்பின் பெயரிலேயே இருக்கட்டும். பெட்டியின் நான்கு பக்கங்களையும் படம் எடுத்து அதே கோப்புறையில் போடுங்கள். வெட்டாத, திருத்தாத மூலப் பதிவை இரண்டு வெவ்வேறு வட்டுகளில் வைத்து, ஒன்றை வேறு வீட்டில் கொடுத்துவையுங்கள். வெஸ்ட்வில்லில் குவாசுலு-நட்டால் பல்கலைக்கழகத்தின் காந்தி-லுத்துலி ஆவண மையத்தையும், டர்பனின் 1860 மரபு மையத்தையும் அணுகி, ஒரு படியை ஏற்றுக்கொள்வார்களா என்று கேட்டுப் பாருங்கள். போகும்போது குழுவில் வாசித்தவர்களின் பெயர்ப் பட்டியலையும், பாட்டுப் பட்டியலையும் எழுதிக் கொண்டுபோங்கள். பெயரில்லாத ஒலிப்பதிவை எந்தக் காப்பகத்தாலும் வகைப்படுத்த முடியாது. பட்டியலுக்கு உங்கள் சித்தப்பாவிடம் இந்த வாரமே உட்காருங்கள்.